எலும்பில் குறை இல்லை

எனக்கு முதுகு இன்றைக்கும் வலிக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கதை சொல்கிறவர்கள் எல்லாரும் கடைசியில் எழுந்து ஓடுவார்கள். நான் ஓடவில்லை. வலி போய்விட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் குப்பத்தில் இப்போது இரண்டு பேர் ஆறாத வலியோடு இருக்கிறார்கள். "அங்க இன்னாதான் பண்ணாங்க மாணிக்கம்? ஊசியா, மாத்திரையா?" என்று கேட்கிறார்கள். "சுத்தி உக்காந்து பேசினோம்" என்றால் சிரிக்கிறார்கள். நானும் அப்படிச் சிரித்தவன்தான். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன், ஊருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன், எழுத எனக்குச் சோம்பல் கிடையாது.

முதலில் பாடு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் பயம் உங்களுக்குப் புரியாது. பழவேற்காடு ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற இடங்கள் சில உண்டு. அந்த இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் ஒரு சீட்டு, புதிதாகக் கல்யாணம் ஆனவன் ஒரு பெயர் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு படகுக்கு இரண்டு பெயர். யாரோடு யார் என்பதையும் சீட்டுதான் சொல்லும், நமக்குப் பிடித்த ஆள் என்ற பேச்சே இல்லை. உன் நாள் வந்தால் நீயே படகில் ஏற வேண்டும், மச்சானை அனுப்புகிறேன் என்றால் எங்கள் குப்பத்தில் செல்லாது. உன் நாள் முடிந்தால் இறால் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் வலையை அவிழ்த்துக்கொண்டு இடத்தை விட வேண்டும். நோயாளி என்றால் பெயரை எடுக்க மாட்டார்கள், நிறுத்தி வைப்பார்கள். ஆனால் நோய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால் ஒடிந்தவனுக்குக் கட்டு தெரியும். காமாலைக்காரனுக்குக் கண்ணே சொல்லிவிடும்.

என் உடம்பில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம், ஒரு விடியற்காலை சேற்றில் ஊன்றிய வலைக்கம்பைப் பிடுங்கும்போது கால் வழுக்கி விழுந்தேன். இடுப்புக்கு மேலே என்னவோ பிசகியது. ஆறு வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள், பற்றுப் போட்டார்கள், பொன்னேரியில் ஊசி போட்டார்கள். ஒன்றரை வருஷம் போய்விட்டது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் உட்கார முடியாது. கயிற்றைத் தொட்டாலே உடம்பு பதறும்.

ஒன்றரை வருஷத்தில் என் பாடு நாள் வந்தபோதெல்லாம் நான் கரையில் நின்றேன். பேச்சு கிளம்பிவிட்டது. முன்னால் நின்று பேசியவர் வேலு. என்னைவிட நாலு வயது மூத்தவர், அவருடைய தம்பிக்குக் கல்யாணமாகி இன்னும் சீட்டு கிடைக்கவில்லை. இப்போது அவரைக் குறை சொல்ல மாட்டேன், அப்போது சொன்னேன், நிறையச் சொன்னேன்.

"கோயில் திருவிழால சிரிச்சிகினு நின்னான். நான் பாத்தேன். நோவுறவன் சிரிப்பானா?" என்றார் பஞ்சாயத்தில்.

தலைவர் என்னைப் பார்த்தார். அவர் எனக்குச் சித்தப்பா முறை, ஆனால் அந்த இடத்தில் முறை பேச மாட்டார். "கார்த்திகை அமாவாசைக்குச் சீட்டு. அதுக்குள்ள பெரிய டாக்டரு கையெழுத்து போட்டு, உனக்கு இன்னா கீதுன்னு எழுதின காகிதம் கொண்டா. இல்லன்னா பேர எடுத்துடுவோம்" என்றார்.

பாடு போனால் அப்புறம் நான் யார்? ஏரியைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கிறவன். எனக்கு வேறு தொழில் தெரியாது, என் மகனுக்கும் அந்தச் சீட்டு வராது. அமாவாசைக்கு முப்பத்தோரு நாள் இருந்தது. நாட்காட்டியில் கோடு போட்டுக்கொண்டேன்.

பொன்னேரி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நானும் என் மனைவி கன்னியம்மாளும். மூன்று பஸ் மாற வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் கன்னியம்மா தன் கையை என் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவளுடைய புறங்கை சிவந்து கிடந்தது. "இன்னா பண்ணுது, வலிக்குதா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

பெரிய தாழ்வாரம், நீள நீளமான பெஞ்சுகள். பெயர் கூப்பிடுகிறவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எல்லாரும் பாதி எழுந்து, தன் பெயர் இல்லை என்று திரும்ப உட்கார்ந்தார்கள். என்னால் அந்தப் பாதி எழுந்திருத்தல் முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே இருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். படம் பிடித்தார்கள். அப்புறம் ஒரு நாள் முதுகுத்தண்டில் ஊசி குத்தி மருந்தை உள்ளே விட்டு, மேசையோடு சேர்த்துத் தலைகீழாகச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். நரம்பை எங்கேயாவது எலும்போ சவ்வோ அழுத்துகிறதா என்று பார்க்கிற சோதனையாம் அது. மருந்து போகிற வழியில் தடை இருந்தால் படத்தில் தெரியுமாம். மேசை சாயும்போது நான் எல்லையம்மனைக் கூப்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ஏதாவது இருக்கட்டும் தாயே, சின்னதாகவாவது ஒன்று இருக்கட்டும் என்று.

சோதனைக்கு அப்புறம் இரண்டு நாள் தலையைத் தூக்க விடவில்லை. அந்த இரண்டு நாளும் இரண்டு பயம் மாறி மாறி வந்தது. எலும்பை அரிக்கிற பெரிய வியாதியாக இருந்தால் செத்துப்போவேன். ஒன்றும் இல்லை என்றால் பாடு போகும். எந்தப் பயம் பெரியது என்று எனக்கே நிச்சயமில்லை.

மூன்றாம் நாள் எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "பயப்பட ஒண்ணுமில்லப்பா. எல்லாம் நல்லா இருக்கு."

கன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டினார்.

"அப்போ எதுக்கு சார் வலிக்குது?" என்றேன். அதற்கு அவர் வேறொரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். வாசல் பலகையைப் படித்தால் மனநோய்ப் பிரிவு. எனக்கு வந்த கோபத்தில் வலிகூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று. "பாத்தியா, பைத்தியம்னுட்டாங்க. இத்த எடுத்துகினு போய் பஞ்சாயத்துல வெச்சேன்னா பேஜாரு ஆயிடும்" என்று கன்னியம்மாளிடம் கத்தினேன். அவள், "வந்ததே வந்தோம், இன்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போலாம் வா" என்று என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

டாக்டர் சுசீலாவுக்கு நாற்பது வயது இருக்கும். மெல்லிய குரல். நான் கத்தியதெல்லாம் கதவு வழியாகக் கேட்டிருக்கும், முகத்தில் காட்டவில்லை. "மூணு வாரம் இங்க தங்கணும். உங்களை மாதிரி ரொம்ப நாளா வலியோட இருக்கறவங்க அஞ்சு பேர். தினம் காலைல பத்து மணிக்குச் சேர்ந்து உக்காரணும். மத்தியானம் உடற்பயிற்சி. அவ்வளவுதான்" என்றார்.

"கடசீல காகிதம் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தங்கினேன். அமாவாசைக்கு இருபத்திரண்டு நாள்.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்லப் போகிறேன். பழைய மருந்து அறை ஒன்றில் பெஞ்சுகளைச் சதுரமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் காலி இடம். டாக்டர் ஒரு ஓரத்தில், மடியில் நோட்டுப் புத்தகம். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்க வேண்டும், யாரும் குறுக்கே பேசக் கூடாது, இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே சொன்னார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இது பஞ்சாயத்து. ஒவ்வொருவன் வலியும் நிஜமா பொய்யா என்று சுற்றி உட்கார்ந்தவர்கள் விசாரித்து முடிவு சொல்வார்கள், அதை அந்தம்மா நோட்டில் எழுதுவார், அதுதான் காகிதமாக வரும். நான் யாரையும் கேட்கவில்லை. சுற்றி உட்கார்ந்து பேசுவது என்றால் எங்களுக்கு அது ஒன்றுதான்.

எனவே வழக்கை நடத்தினேன். வலியை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். எழுந்து நின்று காட்டி, பாதியில் சுருண்டு விழுந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து வந்த ரங்கம்மா என்ற பெண்மணிக்குப் பத்து வருஷமாகக் கன்னத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலி. அந்தம்மா பேச ஆரம்பித்தால் மணி அடிக்கும் வரை பேசுவார். எனக்கு நேரம் போகிறதே என்று வயிறு எரியும். இன்னும் இருவர் இருந்தார்கள். தங்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை.

நாலாம் நாள் ஊரிலிருந்து சாட்சியை வரவழைத்தேன். கன்னியம்மாளின் அண்ணன் ஆறுமுகம், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து பத்து மணிக்கு அறை வாசலில் நின்றான். "அம்மா, நான் கண்ணால பாத்தவன். சேத்துல இவன் உயுந்தப்போ நான்தான் தூக்கினேன். அம்மன் மேல சத்தியம்" என்றான்.

டாக்டர் ஒரு நொடி விழித்தார். அப்புறம், "ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டு ஆளோடு கேன்டீனுக்கு அனுப்பினார். சாட்சியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் டேனியல் பேசினான். இருபத்தாறு வயதுப் பையன். அவன் அப்பா ஆரணிப் பக்கம் கழனியில் கூலிக்குப் போனவர், குடும்பத்தில் ஆலைக்குப் போன முதல் ஆள் இவன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு இரும்பு ஆலையில் உருளைக்குள் வலது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை, சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பான். நாலு நாளாக வாயே திறக்காதவன், அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு வெரலு வலிக்குது. இந்தக் கை வெரலு. கட்ட வெரலு உள்ள மடங்கினு, நகம் உள்ளங்கைல குத்திகினே கீது. பிரிக்கலாம்னா பிரிக்க முடியல."

எனக்குப் பகீர் என்றது. இப்படிப் பச்சைப் பொய்யை இந்தப் பஞ்சாயத்து ஒத்துக்கொண்டால் நாளைக்கு என் காகிதத்துக்கு என்ன மதிப்பு? எழுந்துவிட்டேன், அன்றைக்குச் சுருண்டு விழவும் மறந்துவிட்டேன்.

"இல்லாத கை எப்டிப்பா வலிக்கும்? கண்ணுக்கே தெரியாத நோவ எப்டி நம்பறது? எல்லாரும் கேட்டுகினு குந்திகீறீங்களே!"

ரங்கம்மா, "ஐயோ நைனா, உக்காரு" என்றார். டேனியல் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கே தெரியலண்ணா. பொய்யா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த நாள் அவன் வரவில்லை. என்னைத் துரத்திவிடுவார்கள், காகிதம் போச்சு என்று இரவெல்லாம் புரண்டவனுக்குக் காலையில் டாக்டரிடமிருந்து ஆள் வந்தது. போன உடனே மன்னிப்பு மனு மாதிரி ஆரம்பித்தேன். "அம்மா, பஞ்சாயத்துல நானும் ஒரு ஆளுன்னுதான் நெனச்சி சொன்னேன், தப்பா தீர்ப்பு சொல்லியிருந்தா…"

"எந்தப் பஞ்சாயத்து?" என்றார்.

நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் நாளிலிருந்து என் தலைக்குள் நடந்த வழக்கு முழுவதையும் கேட்டார். சாட்சி வந்த இடத்தில் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "தப்பு என்னோடதும்தான். இது எதுக்குன்னு நான் சரியாச் சொல்லல. இங்க யாரும் தீர்ப்பு சொல்லப்போறதில்ல மாணிக்கம். வலி இருக்குன்னு நீங்க சொல்றீங்க. அது போதும். அதுக்கு மேல சாட்சி வேண்டாம்."

ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. "அப்போ என் வலி நெசமாம்மா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

"நிஜம்தான். டேனியலோடதும் நிஜம்." அவர் விளக்கினார். அடி பட்டால் நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும், அதுதான் வலி. காயம் ஆறினால் சேதி நின்றுவிட வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய நரம்பு, சொல்ல ஒன்றும் இல்லாதபோதும் சொல்லிக்கொண்டே இருக்கும். கை போன பிறகும் கையைப் பற்றிய சேதி வரும். பயமும் கவலையும் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கும். "அந்தச் சத்தத்தை முழுசா நிறுத்த எனக்குத் தெரியாது. அதோட வாழறதுக்குச் சேர்ந்து பழகலாம்."

"காகிதத்துல இன்னா எழுதுவீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுவேன். வலி இருக்கு. எலும்பில் குறை இல்லை."

அந்த இரண்டாவது வரி என் சீட்டைத் தின்றுவிடும் என்று எனக்கு உடனே தெரிந்தது. கெஞ்சினேன், அவர் மாறவில்லை.

அன்று சாயங்காலம் மழை. ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் டேனியல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல் எங்கள் பக்கம் சுலபமாக வாயில் வராது.

"தம்பி, அந்தக் கட்ட வெரலு எந்தப் பக்கம் மடங்கினு கீது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். கிண்டலா என்று என் முகத்தைத் தேடினான். அப்புறம் இடது கையை நீட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் இறுக்கிக் காட்டினான். "இப்டிதான். அன்னிக்கு மிஷின்ல மாட்டினப்போ இப்டிதான் இருந்துச்சு."

நான் அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன், விரல் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலி குறைந்ததா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தோம்.

அவன் மறுநாள் அறைக்கு வந்தான். நான் அன்றிலிருந்து சுருண்டு விழுவதை நிறுத்தினேன். ரங்கம்மாளின் பேச்சுக்கு ஒரு வழியும் சொன்னேன்: எங்கள் ஊரைப் போலச் சீட்டுப் போடுவோம், அவரவர் நாளில் அவரவர் பேசட்டும், மணி ஆனால் விட்டுவிடட்டும். டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. தன் நாள் வந்தபோது ரங்கம்மா பத்தே நிமிஷம் பேசிவிட்டு, "அவ்ளோதான் நைனா. என்னுதுன்னு ஒரு நாளு இருந்தா அவசரமே படவேணாம் போல கீது" என்றார்.

மத்தியானப் பயிற்சியில்தான் எனக்கு அடி விழுந்தது. கப்பியில் கயிறு போட்டு மறுமுனையில் மணல் மூட்டை கட்டியிருந்தார்கள். முதல் நாள் பதினைந்து இழுப்பு. வலித்தாலும் பதினைந்து, வலிக்காவிட்டாலும் பதினைந்து. அப்புறம் இரண்டு இரண்டாகக் கூடும். ஒரு நாள் உடம்பு லேசாக இருந்தது. என் பாடு நாள் நினைவுக்கு வந்தது, வெறி பிடித்த மாதிரி அறுபது இழுத்தேன். அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. எல்லாம் முடிந்தது என்று படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள்.

டாக்டர் கட்டிலுக்கு வந்தார், திட்டவில்லை. "முடியற நாள்ல நிறுத்தணும். முடியாத நாள்ல ஆரம்பிக்கணும். அதுதான் கஷ்டம்" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இறால் கொட்டுகிறபோது வலையை அவிழ்க்க எத்தனை மனக்கஷ்டம்! ஆனாலும் அவிழ்க்கிறோம். நம் அளவு முடிந்தது, அவ்வளவுதான். இருபது வருஷமாக ஏரியில் செய்ததை என் முதுகுக்குச் செய்யத் தெரியாமல் போயிற்றே. மறுபடி பதினைந்தில் ஆரம்பித்து, இந்தத் தடவை டாக்டர் சொன்னபடி மூன்று மூன்றாக ஏறி, கடைசி நாளில் ஒன்று மட்டும் கூட்டி நாற்பதில் வந்து நின்றேன்.

கன்னியம்மாளுக்கும் ஒரு பாடம் வைத்தார்கள். 'வலிக்குதா' என்று கேட்கக் கூடாதாம். கேட்கக் கேட்க என் நினைப்பு முழுவதும் அங்கேயே போய் நிற்குமாம். பாவம், அவளுக்கு வேறு என்ன பேசத் தெரியும்? ஒன்றரை வருஷமாக எங்களுக்குள் அந்த ஒரு கேள்விதான். வந்து உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில், "இன்னிக்கு எத்தினி?" என்றாள். "இருவத்தி நாலு" என்றேன். "பரவால்லியே" என்று சிரித்துவிட்டுத் தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காகிதத்தைத் தமிழிலேயே எழுதி வாங்கினேன். மூன்று வரி. "இவருக்கு வலி இருக்கிறது. எலும்பில் குறை இல்லை. அளவோடு வேலை செய்யலாம்." கீழே கையெழுத்து, முத்திரை.

கூட்டிப்போக வந்த ஆறுமுகம் பஸ்ஸில் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "மாப்ள, இத்த காட்டினா வேலு உன்ன உயிரோட முழுங்கிடுவான். ஊருக்கே மனு எழுதறவன் நீ. நடுவுல ஒரு வார்த்தைய மாத்திக்கோயேன். எலும்பில் குறை, அவ்ளோதான். 'இல்லை'ய அழிச்சிட்டா யாரு கண்டா?"

பொன்னேரி வரும் வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் பேனாவும் இருந்தது. அழிக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் குறை உண்டு என்று எழுதிக்கொண்டால் நான் காலத்துக்கும் குறைக்காரனாக நடந்து காட்ட வேண்டும், திருவிழாவில் சிரிக்க முடியாது. அதுவும் இல்லாமல், டேனியலைப் பொய்யன் என்று சொன்ன வாயோடு பொய்க் காகிதம் நீட்டினால் நான் என்ன மனுஷன்? மடித்து உள்ளே வைத்துவிட்டேன். ஆறுமுகம் பழவேற்காடு வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தான்.

அமாவாசை அன்று காலை எல்லையம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். சீட்டுப் பானை நடுவில் இருந்தது. தலைவர் என் காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரி முடிந்த உடனே வேலு எழுந்துவிட்டார்.

"டாக்டரே எழுதிட்டாரு பாத்தீங்களா? ஒரு குறையும் இல்லியாம்! அப்புறம் இன்னா நோவு? கண்ணுக்கே தெரியாத நோவ எப்டி நம்பறது?"

என் சொந்த வார்த்தை. அட்சரம் பிசகாமல் அதே வார்த்தை. பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடா, இப்போ வலிக்குதா உனக்கு?" என்றார் தலைவர்.

"வலிக்குது" என்றேன். "நாளைக்கும் வலிக்கும்." வேலுவின் பக்கம் திரும்பினேன். "எனக்கே தெரியல வேலண்ணா. பொய்யா இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்."

அப்புறம் மற்றதையும் சொன்னேன். "பேர நிறுத்தி வைங்கன்னு கேக்க வரல. பேரப் போடுங்க. என் நாளு வந்தா நானே படகுல ஏறுறேன். நாப்பது இழுப்பு இழுப்பேன். நாப்பதாச்சுன்னா கயித்த வெச்சிடுவேன், கொஞ்ச நேரம் கழிச்சி திரும்ப எடுப்பேன். அதுக்கு மேல ஒண்ணு கேட்டாலும் முடியாது. என்னோட வர்றவனுக்கு இத்த இப்பவே சொல்லிட்டேன்."

யாரும் சரி என்று சொல்லவில்லை. முணுமுணுப்பு கொஞ்ச நேரம் ஓடியது. தலைவர் காகிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார், ஒரு துண்டுச் சீட்டில் என் பெயரை எழுதினார், பானையில் போட்டார். அது ஒரு தீர்ப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சீட்டு எடுத்தபோது என் பெயரோடு சேர்ந்து வந்த பெயர் வேலு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கன்னியம்மா மட்டும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் எங்கள் பாடு. படகின் முன்முனையில் வேலு, பின்முனையில் நான். வெளிச்சம் வந்ததும் வலையை இழுக்கத் தொடங்கினோம். வலை கனத்தது, இறால் துள்ளுவது கயிற்றிலேயே தெரிந்தது. இருபதில் முதுகு எரிய ஆரம்பித்தது. முப்பதில் பக்கத்துப் படகுக்காரர்கள் எங்களையே பார்ப்பது தெரிந்தது. முப்பத்தெட்டு. இன்னும் பத்து இழுத்தால் வலை பாதிக்கு மேல் வந்துவிடும், இப்போது விட்டால் ஊரே சிரிக்கும், இந்த ஒரு தடவை மட்டும் இழுத்துவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. முப்பத்தொன்பது. நாற்பது.

கயிற்றைப் படகு விளிம்பில் சுற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

வேலு இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் வந்து, நான் கட்டிய கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"எத்தினி ஆச்சு?" என்றார்.

"நாப்பது."

"சரி. நாப்பத்தொண்ணுலேந்து நான் எண்றேன்."